மறு: பவுடர் கோட்டிங்குக்குத் ‘தூள்பூச்சு’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உலோகத்தின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூட்டில் இறுகவைக்கும் பவுடர் கோட்டிங்குக்குத் தமிழில் தூள்பூச்சுதான் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் நெற்றியில் பூசிய திருநீறுதான் கண்முன் வருகிறது. திருநீறு கடைசிவரை தூளாகவே இருக்கும். இங்கே அப்படியில்லை.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் கடற்காற்றுக்கு எந்த இரும்பும் தாங்காது. எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டு கேட்டின் தாழ்ப்பாளும் துருவேறிப்போனது. நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, கம்பியில் தொங்கவிட்டு எர்த் கொடுத்து, தூளுக்கு மின்னேற்றும் துப்பாக்கியால் தூவினேன். மின்னேற்றம் பெற்ற தூள் ஈ மொய்ப்பது போல வந்து அப்பியது. (உள்மூலைகளில் மட்டும் ஏறவில்லை. அதற்கும் ஒரு சொல் வேண்டும், அப்புறம் பார்ப்போம்.) அந்த நிலையில் விரல் பட்டால் தடம் விழும், ஊதினால் கலையும்.

கராஜில் இதற்கென்றே ஒதுக்கிய பழைய ஓவனில் வைத்தேன். சமையல் ஓவனை இதற்குத் தொடவே கூடாது. உலோகம் 200 டிகிரிக்கு ஏறிய பிறகு 10 நிமிடம் என்று டப்பாவில் போட்டிருந்தது. லோட் ஷெடிங் காலம் அது. மூன்றாவது நிமிடமே கரண்ட் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்ததும் பூச்சின் கறுப்பு நிறம் துணிக்கு வந்துவிட்டது. உருகியிருக்கிறது, வேகவில்லை.

உருகிய பிசின் சூட்டில் தனக்குள் பிணைந்து இறுகுவதுதான் இந்த வேலையின் உயிர். அந்தக் கட்டத்தை ‘உலர்த்தல்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் போட்டிருப்பதும் தப்பு. கரைப்பானே கிடையாது, எது உலரும்?

அதனால் என் பரிந்துரை: சுடுபூச்சு. சுடுமண் போல. எனாமலும் சுடுவதுதானே என்பீர்கள். அது கண்ணாடித் தூள், 800 டிகிரியை ஒட்டிய சூடு. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பிசின் சுடுபூச்சு’ என்றால் போயிற்று.

இன்னொன்று, எங்கள் பேரப்பிள்ளைகளிடம் மிஞ்சியிருப்பது அடுப்படித் தமிழும் கோயில் தமிழும்தான். தோசை சுடுவது தெரிந்த பிள்ளைக்குச் சுடுபூச்சை விளக்க வேண்டியதில்லை.

வினைச்சொல்தான் இடிக்கிறது. ‘சுடுபூச்சிடு’ நாக்கில் தடுக்குகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.