ரசல் நெல்சன்: பழகியவர்கள் சொன்னதில் தெரிந்ததைப் பகிருங்கள்

இதய-நுரையீரல் கருவித் துறையிலிருந்து

நெல்சனைப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் தலைவராக மட்டுமே பலருக்குத் தெரியும். 1924 செப்டம்பர் 9 அன்று சால்ட் லேக் சிட்டியில் பிறந்தார். 2025 செப்டம்பர் 27 அன்று அதே ஊரில் 101 வயதில் காலமானார். இடையில் பல ஆண்டுகள் அறுவை அரங்கில் கழிந்தன. அந்தப் பகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

1951 ஏப்ரலில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் டென்னிஸ் குழு, அறுவையின்போது இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் கருவியை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பயன்படுத்தியது. அந்தக் குழுவில் இளம் மருத்துவராக நெல்சன் இருந்தார். வேலை இதுதான்: இரண்டு பெருஞ்சிரைகளிலிருந்தும் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, பம்ப் வழியாகத் தமனிக்குள் திருப்பி விட வேண்டும். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க முதலில் ஹெப்பாரின் போடுவார்கள். எல்லாம் முடிந்ததும் அதை முறிக்க புரோட்டமின். கருவித் தொட்டியில் ரத்தமட்டம் ஒருபோதும் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் பம்ப் காற்றைத் தமனிக்குள் தள்ளிவிடும். டென்னிஸின் இரண்டாவது நோயாளி இறந்தது அப்படித்தான். முதல் நோயாளியான ஆறு வயதுச் சிறுமியும் பிழைக்கவில்லை.

மூன்றாவது ஆபத்து கிருமி. ஆய்வகத்தில் நாய்கள் கருவியிலிருந்து உயிரோடு மீண்டு, பிறகு தொற்றில் செத்தன. ரத்தத்தில் கிருமி பரவினால் உடலுக்குள் என்ன ஆகிறது என்ற ஆய்வுக்குத்தான் 1954இல் நெல்சன் முனைவர் பட்டம் வாங்கினார். 1955 நவம்பரில் யூட்டா மாநிலத்தின் முதல் திறந்த இதய அறுவையைச் செய்தவரும் அவரே.

பதில்

அண்ணா, இதோடு அந்த இரண்டு சிறுமிகளின் கதையையும் சேர்க்க வேண்டும். 2016 ஏப்ரலில் சபையின் பொது மாநாட்டில் நெல்சனே மனம் திறந்து சொன்னது. பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள அக்கா, தங்கை இருவருக்கும் 1950களின் பிற்பகுதியில் அவர் அறுவை செய்தார். இருவருமே இறந்துவிட்டார்கள். இனி இதய அறுவையே வேண்டாம் என்று வீட்டில் தரையில் படுத்து இரவெல்லாம் அழுதாராம். விடியும்போது மனைவி டான்ட்ஸெல், அழுது முடிந்ததா, உடுத்திக்கொண்டு ஆய்வகத்துக்குப் போங்கள் என்றார். நீங்கள் விட்டுவிட்டால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே இன்னொருவர் இதே வலியோடு கற்க வேண்டிவரும் என்பது அவர் வாதம். பத்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்மணி. ஒன்பது மகள், ஒரு மகன். எனக்கு நெல்சனின் வாழ்க்கையில் முக்கியமான மருத்துவ முடிவு அந்த அம்மாவுடையதாகவே தோன்றுகிறது.

இன்னொரு பதில்

அப்போது சபையின் அப்போஸ்தலராக இருந்த ஸ்பென்சர் கிம்பலுக்கு 1972 ஏப்ரலில் நடந்த அறுவை மட்டும் தனியாகப் படிக்க வேண்டியது. கிம்பலுக்கு அப்போது 77 வயது. பெருந்தமனி வால்வை மாற்ற வேண்டும். கூடவே அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழியும் போட வேண்டும். இரண்டையும் ஒரே அமர்வில் அந்த வயதில் செய்வது மிகுந்த ஆபத்து என்பதை நெல்சன் மறைக்கவில்லை. வயதாகிவிட்டது, சாகத் தயார் என்றார் கிம்பல். சபைத் தலைமைக் குழுவில் இருந்த ஹரால்ட் லீ மேசையைத் தட்டி, நீங்கள் அழைக்கப்பட்டவர், உயிர் வாழ்வதற்கு வேண்டியதைச் செய்யுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அறுவைக்கு முன் நெல்சனின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்ததும் லீயும் அதே குழுவில் இருந்த டானரும்தான்.

வேலை முடிந்து மின்னதிர்ச்சி கொடுத்ததும், முதல் தடவையிலேயே இதயம் துடித்தது. கிம்பல் 1973 டிசம்பரில் சபைத் தலைவராகி, 1985 நவம்பர் வரை இருந்தார்.

1984 ஏப்ரலில் அப்போஸ்தலராக அழைக்கப்பட்டதோடு நெல்சனின் அறுவைப் பணி முடிந்தது, ஒரே விலக்கைத் தவிர. சீனாவில் முன்பு இதய அறுவை கற்பித்திருந்தார், மாண்டரின் மொழியும் படித்தவர். 1985இல் ஓபரா கலைஞர் ஃபாங் ரோங்ஷியாங்குக்காக அங்கிருந்து அழைப்பு வந்தது. சபைத் தலைமையிடம் அனுமதி பெற்று ஜினானுக்குப் போய்ச் செய்தார்.

சபைக் கிளை எழுத்தர் ஒருவரின் குறிப்பு

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: தலைவர் பதவி வயதைப் பார்த்து வருவதில்லை. சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் அடங்கிய பன்னிருவர் குழுமத்தில் யார் முதலில் சேர்ந்தார் என்பதே கணக்கு. நெல்சனும் டாலின் ஓக்ஸும் ஒரே மாநாட்டில் அழைக்கப்பட்டவர்கள். நெல்சன் பெயர் முன்னால் வந்தது. அபிஷேகமும் அவருக்கே முந்தியது. அதனால்தான் தாமஸ் மான்சன் மறைந்த பிறகு 2018 ஜனவரியில் 93 வயது நெல்சன் தலைவரானார். அவருக்குப் பின் ஓக்ஸ்.

அந்த ஆண்டே சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றார். தமிழில் எழுதும்போது முதல் தடவை முழுப் பெயர், பிறகு 'சபை' போதும். 'மார்மன் சபை' வேண்டாம். சபையின் வேதநூலான 'மார்மன் புஸ்தகம்' அப்படியே இருக்கும்.

2019 ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. அப்போது வந்த அட்டவணையில் திருவிருந்துக் கூட்டம் 60 நிமிடம், இடம் மாற 10, வகுப்பு 50. முதல், மூன்றாம் ஞாயிறுகளில் ஞாயிறு பள்ளி இருந்தது. இரண்டு, நான்கில் ஆண்களுக்கான ஆசாரியத்துவக் குழுமமும் பெண்களுக்கான ஒத்தாசைச் சங்கமும் கூடின. அந்த வாரம் எது என்று நாட்காட்டியைப் பார்க்காமல் வந்தால் ஆசிரியர் தப்பான பாடத்தோடு நிற்க வேண்டிவந்தது.

நமக்கு நெருக்கமானது பெங்களூர் ஆலயம். ஆலயம் என்பது ஞாயிறு கூட்டம் நடக்கும் இடமல்ல, புனிதச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம். 2018 ஏப்ரல் 1 அன்று அவர் அறிவித்த ஏழு ஆலயங்களில் அதுவும் ஒன்று. அதே மாதம் நேரில் வந்தபோது, இந்தியாவுக்கு அறிவிக்கும் முடிவு கடைசி நேரத்தில்தான் உறுதியானது என்று சொன்னார். 2020 டிசம்பரில் பூமி பூஜைக்கு இணையான நிலம் தோண்டும் விழா நடந்தது. அறிவிப்பு வந்தபோது ஆலயத்துக்குப் போக வேண்டுமானால் கடல் கடந்து ஹாங்காங் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா, விமானக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் குடும்பங்கள் பல ஆண்டுகள் சேமித்தன.

உள்ளே போக ஆலயப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். முதல் நேர்காணல் உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயர் அல்லது கிளைத் தலைவரிடம். இரண்டாவது, பல உள்ளூர்ச் சபைகளுக்கு மேலே இருக்கும் பிணையத் தலைவர் அல்லது மிஷன் தலைவரிடம். செல்லுபடி இரண்டு ஆண்டுகள். பயணச்சீட்டு எடுக்கும் முன்னால் அதன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.