மறு: வெல்டிங் மெஷினில் 'எர்த்' என்பதற்குத் தமிழ் – முதலில், எந்த எர்த்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெல்டிங் மெஷின் கையேட்டுக்கான சொற்பட்டியலை முழுதாகப் படித்தேன். ஹோல்டர் (வெல்டிங் ராடைப் பிடிப்பது), டார்ச் (மற்ற வகை வெல்டிங்கில் கையில் பிடிப்பது), ரெகுலேட்டர் ஆகிய சொற்களை அப்படியே விட்டது நல்ல முடிவு. பட்டறையில் எல்லோரும் சொல்வது அதுதான், குழப்பமும் இல்லை. ராடு, சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு கேஸ்), ஆர்கான் கேஸ் என மூன்று வகை வெல்டிங்கையும் ஒரே பெட்டியில் செய்யும் மெஷினுக்குப் 'பல்முறைப் பற்றவைப்பு எந்திரம்' என்று போட்டிருக்கிறீர்கள். வாய்விட்டுப் படித்தால் 'பலமுறை' என்று காதில் விழுகிறது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பற்றவைக்கும் மெஷினா என்று பையன்கள் கேட்பார்கள். 'பல்வகை' என்று மாற்றிவிடலாம்.

என் கவலை வேறு மூன்று வரிகளில் இருக்கிறது.

> எர்த் கேபிள் – புவிக்கம்பி
> எர்த் கிளாம்ப் – புவிப்பிடி
> எர்த்திங் – புவி இணைப்பு

இவற்றை இப்படியே அச்சுக்கு அனுப்பக் கூடாது. முதல் இரண்டும் ஒரு பொருளைச் சேர்ந்தவை. மூன்றாவது அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்று. பட்டறைப் பேச்சில் இரண்டையும் 'எர்த்' என்றே சொல்கிறோம் என்பது உண்மை. அந்தக் குழப்பத்தை நாம் தமிழாக்கி நிலைக்க வைத்துவிடப் போகிறோம்.

மின்பணியோடு பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மெஷினின் பின்பக்கத்திலிருந்து பிளக்குக்குப் போகும் வயரில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒன்று இருக்கும். மெஷினின் இரும்பு உடம்பை அது மண்ணோடு இணைக்கிறது. உள்ளே இன்சுலேஷன் கெட்டு 230 வோல்ட் உடம்புக்கு வந்துவிட்டால், மின்சாரம் இந்த வழியாக ஓடி ஃபியூஸையோ பிரேக்கரையோ விழவைக்கும். ஆள் பிழைப்பான். மற்ற நேரத்தில் இதில் மின்சாரமே ஓடக் கூடாது. உண்மையான எர்த் இதுதான்.

முன்பக்கத்து இரண்டு சாக்கெட்டுகளில் ஒன்றிலிருந்து தடித்த கேபிள் வந்து, நுனியில் ஒரு கிளாம்போடு ஜாப்பை, அதாவது பற்றவைக்கும் இரும்பை, பிடித்துக்கொள்கிறதே, அது வேறு. ஹோல்டருக்குப் போகும் 150, 200 ஆம்பியர் முழுவதும் இதன் வழியாகத்தான் வட்டத்தை (சர்க்யூட்டை) முடிக்கிறது. வேலை நடக்கும் ஒவ்வொரு நொடியும் இதில் மின்சாரம் ஓடும். மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இந்த வட்டத்தை மெயின்ஸிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. மண்ணோடு அதற்கு ஒரு வேலையும் இல்லை. இதையும் நாம் எர்த் என்கிறோம்.

பெயர் ஒன்றாக இருப்பதால் என்ன நடக்கிறது என்று பார்த்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், திருச்சிக்கு அருகே துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனை மெஷினுக்குப் பிளக் மாட்டச் சொன்னேன். மூன்றாவது வயரை ஒட்ட வெட்டிவிட்டு இரண்டை மட்டும் மாட்டியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "எர்த்துதான் ஜாப்புல போட்டிருக்கேண்ணே" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. எங்களிடம் கேட்டுப் பழகிய சொல்லை வைத்து அவன் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். சொல்தான் அவனை ஏமாற்றியிருக்கிறது.

அதே பட்டறையில் இன்னொன்றும் நடந்தது. ஜாப் தூரத்தில் இருந்தது, கேபிள் எட்டவில்லை. "எர்த்துதானே, எங்கே போட்டால் என்ன" என்று கிளாம்பை ஷெட்டின் இரும்புத் தூணில் மாட்டிவிட்டார்கள். ஜாப்போ டிரில்லிங் மெஷின் மேல் சாய்ந்திருந்தது. ராடைத் தட்டியதும் மின்சாரம் ஜாப்பிலிருந்து டிரில்லிங் மெஷினின் உடம்புக்கு ஏறி, அதன் பச்சை வயர் வழியாக எர்த் பட்டைக்குப் போய், அங்கிருந்து தூணுக்கு வந்து கிளாம்பைச் சேர்ந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 150 ஆம்பியரை எங்கே தாங்கும்? பிளக்கில் புகை வந்தபோதுதான் நிறுத்தினோம். பிளக்கை மாற்றினோம். ஆனால் குழாய்க்குள் அந்தப் பச்சை வயர் எரிந்து அறுந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து டிரில்லிங் மெஷினைத் தொட்டவருக்கு ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. உயிர் தப்பினார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, அப்படியானால் அந்தத் தடித்த கேபிளுக்கு என்ன பெயர் வைப்பது? இதுவரை வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

> மீள்வடம் எனலாமா? மின்சாரம் மீண்டு வரும் பாதை.

ஐயா, 'மீள்தன்மை' என்று பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது இழுத்தால் நீண்டு சுருங்கும் ரப்பர் கயிறாகத்தான் தோன்றும். 'திருப்புகம்பி' என்றால் திருப்புளி நினைவுக்கு வருகிறது. அது போக, 'கம்பி' என்ற சொல்லை இந்த இடத்தில் தொடவே கூடாது. சிஓடூ வெல்டிங்கில் சுருளிலிருந்து வருவதும் கம்பி, பற்றவைக்கப்படுவதும் பல நேரம் கம்பி. 'வேலைக் கம்பி' என்ற பரிந்துரையும் இதே காரணத்தால் அடிபடுகிறது.

> எதிர்முனை வடம் என்றால் தெளிவாக இருக்குமே.

'எதிர்முனை' என்றால் மைனஸ். ராடு மட்டும் போடும் பழைய மெஷினில்கூட இது சில நேரம் சரி வராது. பல்வகை எந்திரத்தில் தப்பாகவே போய்விடும். கேஸ் விட்டு சாதாரணக் கம்பியில் சிஓடூ போடும்போது டார்ச் பிளஸ், கிளாம்ப் மைனஸ். கேஸ் இல்லாமல், உள்ளே ஃபிளக்ஸ் என்ற பொடி உள்ள கம்பியைப் போட்டால் பெரும்பாலும் டார்ச் மைனஸ், கிளாம்ப் பிளஸ். ஆர்கானில் டிசி ஓடும்போதும் டார்ச் மைனஸ்தான். அங்கே மாற்றி மாட்டினால் டார்ச்சில் இருக்கும் டங்ஸ்டன் நுனி உருண்டு உருகிவிடும். 7018 என்ற வகை ராடுக்கு ஹோல்டர் பிளஸ். ஆக, காலையில் எதிர்முனையாக இருந்தது மதியம் நேர்முனை ஆகிவிடும். 'எதிர்முனை' என்று பெயர் வைத்துவிட்டால் பையன் எல்லா வேலைக்கும் அதை மைனஸ் சாக்கெட்டிலேயே மாட்டுவான்.

'மீண்டு வருவது' என்ற கருத்துக்கும் இதே சிக்கல் உண்டு. முனை மாறினால் போவதும் வருவதும் இடம் மாறும். அந்தக் கேபிளில் எந்நாளும் மாறாத விஷயம் ஒன்றே ஒன்று: அது ஜாப்பைக் கவ்விப் பிடிக்கிறது. அதனால் என் பரிந்துரை:

கிளாம்புக்குக் கவ்வி.
அதன் கேபிளுக்குக் கவ்வுவடம்.
புவி இணைப்பு என்பது பச்சை–மஞ்சள் வயருக்கு மட்டும்.

கவ்வுதல் எல்லோருக்கும் தெரிந்த வினை. பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்க்காதவர் யார்? செய்ய வேண்டிய வேலையையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பெயின்டின் மேலும் துருவின் மேலும் வைத்தால் கவ்வாது, அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியவைக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் கவ்வாது, மாற்ற வேண்டும். கவ்வி சூடாகிறது என்றால் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். கேபிளைக் கவ்வியோடு இணைக்கும் லக்கில் கேபிள் இழைகள் அறுந்திருக்கின்றனவா, சாக்கெட்டில் முறுக்கி இறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'எர்த் சரியில்லை' என்று சொன்னால் இதில் எதுவுமே நினைவுக்கு வருவதில்லை.

எங்கே கவ்வ வேண்டும் என்பதும் கையேட்டில் வர வேண்டும். பற்றவைக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. தேய்ந்த மோட்டார் ஷாஃப்டை வெல்டிங்கால் நிரப்பும்போது கவ்வியை மோட்டார் உடம்பில் போட்டால், மின்சாரம் பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்து புள்ளி புள்ளியாகக் குழி போட்டுவிடும். ஷாஃப்டிலேயே கவ்வ வேண்டும். கிரேன் சங்கிலி, கேஸ் சிலிண்டர், தூண் எதுவும் மின்சாரம் போகும் வழியில் வரக் கூடாது.

அன்புடன்,
பட்டறையிலிருந்து

——

வணக்கம்.

நேற்றைய மடலுக்கு வந்த பதில்களுக்குச் சேர்த்து எழுதுகிறேன்.

> எர்த் என்று ஐம்பது ஆண்டாகப் பழகிவிட்டது. பேசுபவர்களை மாற்ற முடியுமா?

வாயில் வரும் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. ஆங்கிலம் என்பதும் எனக்குக் குறையே இல்லை. 'ரிட்டர்ன்' என்று பழகியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். ஓடவேண்டிய மின்சாரத்துக்கும் ஓடவே கூடாத மின்சாரத்துக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் ஆபத்து. இன்று சேரும் பையனுக்கு முதல் நாளிலேயே இரண்டு பெயராகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

> வெளியே வருவது குறைந்த வோல்ட்தானே, இவ்வளவு பயம் தேவையா?

ராடு நுனியில் வில் (ஆர்க்) எரியும்போது 20, 30 வோல்ட்தான். ஆனால் ராடைத் தட்டாமல் சும்மா இருக்கும் நேரத்தில் பல மெஷின்களில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். டிசிக்குப் பன்னாட்டுத் தரம் அனுமதிக்கும் உச்சம் 113 வோல்ட். வியர்வையில் நனைந்த கையுறையோடு, டேங்குக்குள் இரும்பின் மேல் உட்கார்ந்து ராடு மாற்றுபவருக்கு ஷாக் அடிக்க அது போதும். 'எர்த்' என்ற பெயர் அந்தக் கிளாம்ப் பக்கத்தைப் பாதுகாப்பானது என்று நம்பவைக்கிறது. அதனால்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

'பற்றவைப்பு' நெருப்பு மூட்டுவது போல இருக்கிறது, 'காய்ச்சி இணைத்தல்' பொருத்தம் என்று இலங்கை நண்பர் எழுதியிருந்தார். அதுவும் அழகான சொல்தான். ஆனால் பற்றவைத்தல் நம்மிடம் பழையது. பொற்கொல்லர் இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடுவது பற்றாசு. வெண்பாவில்கூட இரண்டு பகுதிகளைப் பொருத்த நடுவே சேர்க்கும் அசையை ஆசு என்றுதான் சொன்னார்கள், ஆசிடை நேரிசை வெண்பா என்று பெயரும் வைத்தார்கள். இலக்கணம் வரைக்கும் போன பட்டறைச் சொல்லை நான் விட மாட்டேன்.

எங்களிடம் இருக்கும் மூன்று மெஷின்களில் திங்கட்கிழமை காலை ஸ்டிக்கர் ஒட்டப்போகிறேன். முன்பக்கம் 'கவ்வி – ஜாப்பில் மட்டும், வேலைக்குப் பக்கத்தில்'. பின்பக்கம் 'புவி இணைப்பு – வெட்டாதே'. இலக்கணம் தெரிந்தவர்கள் அதற்குள் ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: கவ்வுவடம் என்று சேர்த்து எழுதுவதா, கவ்வு வடம் என்று பிரித்தா? தூரத்திலிருந்து படிக்கும்போது எது சட்டென்று கண்ணில் படும்?