38 ஜிபி கேம் ஃபைல் இன்னும் 540 துண்டாக இருக்கிறது. ஒன்றாக்க வழி உண்டா?

மழைக்குருவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கேம்களுக்கென்றே 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வகை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது, 91 சதவீதம் நிரம்பிவிட்டது. அதில் நான் அதிகம் ஆடும் கேமில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பேக் ஃபைலுக்குள் இருக்கிறது. அதன் அளவு மட்டும் 38 ஜிபி.

புதிதாகப் போட்டபோது ஒரு லெவல் திறக்க 1 நிமிடம் 5 விநாடி ஆனது. நான்கைந்து பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இப்போது 1 நிமிடம் 40 விநாடி. இரண்டையும் கைப்பேசி ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் பார்த்தேன்.

மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் காண்டிக் கருவியால் பார்த்தால் அந்த ஃபைல் டிஸ்க்கில் 9,400 துண்டாகச் சிதறிக் கிடக்கிறது! சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் விண்டோஸின் சொந்த டிஃப்ராகை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் 540 துண்டு. ஆனால் லோடிங் 1 நிமிடம் 31 விநாடிக்குத்தான் இறங்கியது. மறுபடி ஓடவிட்டேன், 540 அப்படியே நிற்கிறது. இந்த 540-ஐ எப்படி 1 ஆக்குவது? அதற்கென்றே தனி மென்பொருள் வாங்கவேண்டுமா?

நிலாச்சோறு எழுதியது:

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள், இந்தத் தொல்லையே இருக்காது. ஹார்ட் டிஸ்க்கில் தட்டின்மேல் நகர்ந்து தகவலைப் படிக்கும் முனைதான் ஹெட்; எஸ்எஸ்டியில் அப்படி ஓடிப்போய்த் தேட ஒன்று கிடையாது. துண்டு எத்தனை இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

மழைக்குருவி எழுதியது:

விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியில் 50 ஜிபிதான் காலி. ஃபைலை மட்டும் அங்கே போட்டு லிங்க் கொடுத்துப் பார்த்தேன், அடுத்த அப்டேட் இடம் போதாது என்று நின்றுவிட்டது. கொஞ்ச நாளைக்கு இந்த டிஸ்க்தான்.

சுழல்தட்டு எழுதியது:

மழைக்குருவி, மென்பொருளுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். 540 என்ற எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். நானும் ஒருமுறை இதே மாதிரி ஒரு ஃபைலை ஒரே துண்டாக்கியே தீருவேன் என்று மூன்று இரவு டிஸ்க்கை ஓடவிட்டிருக்கிறேன். லோடிங்கில் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. அதனால்தான் கணக்குப் போட்டே சொல்கிறேன்.

38 ஜிபியை 540 ஆல் வகுத்தால் ஒரு துண்டு சராசரியாக 72 எம்பி. விண்டோஸ் நிறுத்திய இடம் தற்செயல் இல்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அதன் டிஃப்ராக் 64 எம்பிக்கு மேல் இருக்கும் துண்டுகளைச் சும்மா விட்டுவிடும். அந்த அளவுக்கு மேல் ஒட்டவைத்துப் பயனில்லை என்பதுதான் காரணம்.

ஏன் பயனில்லை? 7200 சுற்று டிஸ்க்கில் தட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிவிநாடிக்குச் சற்று மேல். ஹெட் நகர்ந்து போய்ச் சேர ஒரு 9. ஆக ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ 13 மில்லிவிநாடி. 72 எம்பியைப் படிக்கவோ அரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்கு முன்னால் இந்தத் தாவல் ஒரு செலவே இல்லை.

உங்கள் லெவல் லோடாகும்போது 3 ஜிபி படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய தெரிந்துவிடும்). முன்பு துண்டு ஒன்று 4 எம்பி, எனவே 740 தாவல், கிட்டத்தட்ட 10 விநாடி. இப்போது 43 தாவல், அரை விநாடி. நீங்கள் அளந்த 9 விநாடி லாபம் இதுதான். டிஃப்ராக் தன் வேலையைச் சரியாகவே செய்துவிட்டது. மிச்சத்தை ஒட்டினால் கிடைப்பது அந்த அரை விநாடி மட்டும்.

அப்படியானால் மீதி 26 விநாடி எங்கே போனது? எனக்கு அதில்தான் அக்கறை. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் அதிகத் தகவல் கடக்கும், நடுப்பக்கம் போகப்போகக் குறையும். பல டிஸ்க்குகளில் உள்விளிம்பு வேகம் வெளிவிளிம்பில் பாதிதான். டிஸ்க் பொதுவாக வெளியிலிருந்து உள்ளே நிரம்பும். உங்கள் கேம் முதலில் நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கும். பெரிய அப்டேட் வரும்போது ஸ்டீம் போன்ற கேம் விற்கும் தளங்களின் மென்பொருள்கள் பழைய ஃபைலுக்குப் பக்கத்தில் புதிய பிரதி ஒன்றைக் கட்டி, முடிந்ததும் மாற்றிவைக்கும். உங்கள் எஸ்எஸ்டியில் இடம் போதாமல் நின்றதும் இதனால்தான். 91 சதவீதம் நிரம்பிய டிஸ்க்கில் புதிய பிரதிக்குக் காலி இடம் எங்கே இருக்கும்? கடைசியில், உள்ளே.

என் ஊகம் சரியா என்று எளிதாகவே பார்த்துவிடலாம். இந்த ஃபைலை எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த டிஸ்க்கில் நீங்கள் முதன்முதலில் போட்ட கேமிலிருந்து ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்யுங்கள். இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். ஃபைல் ஒரே துண்டாக இருந்தாலும் கேம் அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிப்பதில்லை. ஒரு மரத்தின் படம் இங்கே, அதன் சத்தம் அங்கே என்று உள்ளேயே தாவும். அந்தத் தாவலை எந்த டிஃப்ராகும் தொடாது. கேம் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் ஒரே பொருளைப் பல இடத்தில் திரும்பத் திரும்ப எழுதிவைப்பார்கள். பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-இல் அதைப் பற்றிப் பேசியபோது, ஸ்பைடர்மேன் கேமில் சில தகவல்கள் ஹார்ட் டிஸ்க்கில் 400 முறை இருப்பதாகச் சொன்னார்.

மழைக்குருவி எழுதியது:

அண்ணா, பார்த்துவிட்டேன். இந்த ஃபைல் விநாடிக்கு 60 எம்பியைத் தாண்டவில்லை. முதலில் போட்ட கேமின் ஃபைல் 120!

சுழல்தட்டு எழுதியது:

அப்படியானால் அதேதான். 3 ஜிபியை 120-இல் படித்தால் 26 விநாடி, 60-இல் 51 விநாடி. காணாமல்போன நேரம் கிடைத்துவிட்டது.

இனி டிஃப்ராக் வேண்டாம். அந்த முதல் கேமை இப்போது ஆடுகிறீர்களா? இல்லையென்றால் சேவ் ஃபைல்களை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு அதை நீக்குங்கள், வெளிப்பக்கம் இடம் காலியாகும். உங்கள் 38 ஜிபி பிரதி எஸ்எஸ்டியில் இருக்கிறதல்லவா, அது முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டுப் பிரதியைத் திரும்பக் காப்பி செய்யுங்கள். எந்த இடத்தில் எழுதுவது என்பதை விண்டோஸ்தான் முடிவு செய்யும், ஆகவே மறுபடி வேகத்தை அளந்து பாருங்கள். உள்ளேயே விழுந்திருந்தால் இன்னொரு முறை காப்பி செய்யலாம். இன்னொன்று, அந்த ஃபோல்டரில் இடம் மிச்சப்படுத்த ஃபைலைச் சுருக்கும் விண்டோஸ் கம்ப்ரஷனை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். ஃபைல் ஆயிரக்கணக்கில் சிதறும்.

கடலைமிட்டாய் எழுதியது:

படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஸ்க் ஷிங்கிள்டு வகையா என்று முதலில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். அதில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுதவேண்டும். என்னுடையது அந்த வகை என்று தெரியாமல் டிஃப்ராக் போட்டேன், இரண்டு நாள் ஆகியும் முடியவில்லை. அதில் பெரிய ஃபைலை வெளியே எடுத்துத் திரும்ப வைப்பதே மேல்.

மழைக்குருவி எழுதியது:

பழைய கேமை நீக்கிவிட்டேன், கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. சேவ் பத்திரமாக இருக்கிறது. ஃபைலைத் திரும்ப வைத்ததும் காண்டிக்கில் 3 துண்டு, காப்பி வேகம் 114. லெவலை மூன்று முறை திறந்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு: 1:08, 1:07, 1:08.