தாத்தா வீடு குழுவில் ஜேம்ஸ் லாசன்

ஞாயிறு, மாலை 5.12

நித்யா: (படம்) நாக்பூரில் சிவில் லைன்ஸ் பக்கம் நடந்து வந்தேன். இதுதான் ஹிஸ்லாப் கல்லூரி. வெயில் தாழ்ந்ததும் இந்த ரோடு நன்றாக இருக்கிறது.

சித்ரா அத்தை: மரமெல்லாம் அழகு. சாப்பிட்டாயா?

நித்யா: ஆச்சு அத்தை. போஹா.

பெரியப்பா: நித்யா, ஹிஸ்லாப் கல்லூரியா! நன்றாகப் பார்த்துக்கொள். ஜேம்ஸ் லாசன் அங்கேதான் இருந்தார்.

கவின்: யார் மாமா அது?

பெரியப்பா: மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியும் அல்லவா? கிங் கொல்லப்படுவதற்கு முந்தின இரவு மெம்பிஸில் பேசினாரே, அந்தப் பேச்சில் பேர் சொல்லிப் பாராட்டிய பாதிரியார். அகிம்சையை மாணவர்களுக்கு உட்காரவைத்துப் பாடம் எடுத்தவர்.

சித்ரா அத்தை: அமெரிக்கக்காரர் நாக்பூரில் என்ன செய்தார் அண்ணா?

பெரியப்பா: கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது போக மாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார். 13 மாதம் உள்ளே. வெளியே வந்ததும் 1953ல் மெதடிஸ்ட் சபை மூலமாக நாக்பூர் வந்தார். பையன்களுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்தார், மீதி நேரம் காந்தியைப் படித்தார். 1955 டிசம்பரில் ஒரு நாள் நாக்பூர் பேப்பரைப் பிரிக்கிறார். அலபாமாவில் மான்ட்கோமரி என்ற ஊரில் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணிக்கிறார்கள் என்று செய்தி. துள்ளி எழுந்து கை தட்டினாராம். தான் படித்துக்கொண்டிருந்தது தன் ஊரிலேயே நடக்கிறதே என்று.

நித்யா: நான் நின்ற இடத்திலா! மேலே சொல்லுங்க பெரியப்பா. ஆட்டோவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பெரியப்பா: ஊர் திரும்பி, 1957 பிப்ரவரியில் ஓஹையோவில் ஓபர்லின் கல்லூரியில் கிங்கைச் சந்தித்தார். இருவருக்கும் 28 வயது. படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வரலாம் என்று இருக்கிறேன் என்றார் லாசன். இப்போதே வாருங்கள், காத்திருக்காதீர்கள் என்றார் கிங். லாசனும் கிளம்பி நாஷ்வில் போய், அங்கே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சேர்ந்தார்.

அப்புறம் ஒரு தேவாலயத்தில் பயிற்சி வகுப்பு தொடங்கினார். கல்லூரிப் பிள்ளைகள்தான் மாணவர்கள். டயான் நாஷ், பின்னாளில் எம்.பி. ஆன ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல், எல்லாரும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

கவின்: அகிம்சைக்கு எதற்கு மாமா பயிற்சி? அடிக்காமல் இருந்தால் போதாதா?

பெரியப்பா: இதைத்தான் நான் சொல்ல வந்தேன் கவின். போதாது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒருவரை உட்காரவைப்பார்கள். மற்ற மாணவர்கள் ரவுடி வேஷம். முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள், நாற்காலியை இழுப்பார்கள், அசிங்கமான பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் கை ஓங்காமல், திட்டாமல் இருக்கப் பழக வேண்டும். கீழே விழுந்தால் தலையை எப்படி மூடிக்கொள்வது, பக்கத்தில் இருப்பவர் அடி வாங்கினால் எப்படிக் குறுக்கே போய் விழுவது, இதுவும் பாடம். முடிந்ததும் யாருக்குக் கோபம் வந்தது, ஏன் வந்தது என்று பேசுவார்கள். இப்படியே பல மாதம்.

ராஜன் மாமா: மச்சான், கோபித்துக்கொள்ளாதீங்க. அடி வாங்குவதற்கு ஒத்திகை பார்ப்பதை எப்படி வீரம் என்று சொல்வது? என் கடையில் ஒருத்தன் கை வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை, லாசனும் சின்ன வயதில் சும்மா இருக்கவில்லை. காரில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைப் பையன் இனத்தைச் சொல்லித் திட்டினான் என்று ஓங்கி அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுப்பில் வேலையாக இருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதனால் என்ன நன்மை ஜிம்மி?" என்று மட்டும் கேட்டார். அப்பாவோ இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த பாதிரியார். அந்த வீட்டில் அம்மாவின் கேள்விதான் பையனுக்குள் நின்றது.

சித்ரா அத்தை: கவின், இதைப் படித்தாயா? போன மாதம் நீ சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றபோது நானும் இதைக் கேட்டிருக்கலாம். கத்தித் தீர்த்துவிட்டேன்.

கவின்: படித்தேன் அம்மா.

நித்யா: மாணவர்கள் நாஷ்வில் கடைகளில் போய் உட்கார்ந்து போராடியது அப்புறம்தானே?

பெரியப்பா: ஆமாம். 1960 பிப்ரவரி 13. கறுப்பின மக்கள் அந்தக் கடைகளில் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். உள்ளேயே இருக்கிற சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் நல்ல உடுப்பில் போய் உட்கார்ந்தார்கள். கடைக்காரர்கள் பரிமாற மறுத்தார்கள். மாணவர்கள் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார்கள். 27ஆம் தேதி ரவுடிக் கூட்டம் புகுந்து அடித்தது, முதுகில் சிகரெட்டை வைத்து அணைத்தது. போலீஸ் மாணவர்களைத்தான் பிடித்தது, சுமார் 80 பேரை. ஒரு வரிசையைக் கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. அடுத்த வாரமே லாசனைப் பல்கலைக்கழகம் நீக்கியது. அதை எதிர்த்துப் பேராசிரியர்கள் பலர் ராஜினாமா கொடுத்தார்கள்.

மாலை 5.40

ராஜன் மாமா: சரி, கடைக்காரர்கள் மனம் மாறினார்களா? நான் வியாபாரி. எனக்குத் தெரிந்து கல்லா காலியானால்தான் மனம் மாறும்.

பெரியப்பா: கல்லாவும் காலியானது மாப்பிள்ளை. ஈஸ்டர் வியாபாரத்தைக் கறுப்பின மக்கள் மொத்தமாகப் புறக்கணித்தார்கள். லாசன் அதைத் தவறாக நினைத்தவர் இல்லை. அவருடைய அகிம்சையில் பேச்சும் உண்டு, காசை நிறுத்துவதும் உண்டு. அடிப்பது மட்டும் கிடையாது.

ஆனால் ஏப்ரல் 19ஆம் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். விடியற்காலையில் மாணவர்களின் வக்கீல் லூபி வீட்டில் குண்டு வீசினார்கள். அவரும் மனைவியும் பிழைத்தது அதிசயம். அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் கோஷம் இல்லாமல், பாட்டு இல்லாமல் மேயர் அலுவலகம் வரை நடந்தார்கள். வாசல்படியில் வைத்து, 21 வயது டயான் நாஷ் மேயர் பென் வெஸ்ட்டிடம் கேட்டார்: நிறத்தையோ இனத்தையோ மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று நினைக்கிறீர்களா? அரசியல்வாதி மழுப்பியிருக்கலாம். அவர் ஆமாம் என்றார். மே 10ஆம் தேதி கவுண்டர்கள் திறந்தன.

ராஜன் மாமா: அத்தனை பேர் முன்னால் ஆமாம் என்று சொல்ல மேயருக்கும் தைரியம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

கவின்: மாமா, லாசனை யாராவது நேராக அடித்தார்களா? அவர் என்ன செய்தார்?

பெரியப்பா: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நாஷ்வில் தெருவில் ஒரு மாணவரைக் கீழே தள்ளி உதைத்துக்கொண்டிருந்தார்கள். லாசன் நேராக அங்கே நடந்தார். ஒரு இளைஞன் அவர் மேலே துப்பினான். லாசன் நிதானமாக அவனைப் பார்த்து, கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். அவன் குழம்பிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டான். துடைத்துக்கொண்டு, நீ ஓட்டுவது மோட்டார் சைக்கிளா, காரா என்றார். மோட்டார் சைக்கிள் என்றான். அதில் என்னென்ன மாற்றம் செய்திருக்கிறான் என்று பேச்சு அப்படியே போனது. அதற்குள் கீழே விழுந்த மாணவர் எழுந்துவிட்டார்.

கவின்: கோபமே வரவில்லையா?

பெரியப்பா: வந்திருக்கும். எதிரில் இருப்பவனும் ஒரு பிள்ளை என்று பார்க்கக் கண்ணைப் பழக்கி வைத்திருந்தார். இன்னொன்று சொல்கிறேன். 1968ல் மெம்பிஸில் குப்பை லாரிக்குள் நசுங்கி இரண்டு தொழிலாளிகள் செத்தார்கள். 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நான் மனிதன்" என்று அட்டை பிடித்து நடந்தார்கள். கிங்கை அங்கே அழைத்தது லாசன். ஏப்ரல் 4ஆம் தேதி கிங் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் அழைத்ததால்தானே என்ற பாரம் இருக்குமா இருக்காதா? அந்தக் கொலைக்காகச் சிறையில் இருந்த ஜேம்ஸ் ஏர்ல் ரேயைப் பின்னாளில் போய்ப் பார்த்தார். சிறைக்குள் அவன் கல்யாணத்தை நடத்தி வைத்ததும் லாசன்தான்.

சித்ரா அத்தை: அண்ணா. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

நித்யா: இப்போது இருக்கிறாரா பெரியப்பா?

பெரியப்பா: 2024 ஜூனில் போய்விட்டார் அம்மா. 95 வயது. 2020ல் தன் மாணவர் ஜான் லூயிஸின் இறுதிச் சடங்கில் பேசியபோது அவருக்கு 91. வெளியே தள்ளிய பல்கலைக்கழகமே பிற்காலத்தில் அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது.

நித்யா: நாளைக்கு நூலகத்தில் அந்தக் காலத்து விளையாட்டுக் குழுப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன்.

பெரியப்பா: கேள். கிடைத்தால் உடனே அனுப்பு.

சித்ரா அத்தை: எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன் அண்ணா. அந்தக் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்கிறார்.

பெரியப்பா: கொடுத்தார் என்று அம்மாவிடம் சொல்.