24 வருடம் கழித்து மறுபடி மாடல் விமானம்: டேப்போடு பெயிண்டும் உரிந்து வருகிறது, உதவுங்கள்

தாம்பரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி முடித்த 2001-ல் கடைசியாக ஒரு மாடல் ஒட்டினேன். அப்புறம் வேலை, கல்யாணம், வீடு மாற்றம் என்று எல்லாம் பரணுக்குப் போய்விட்டது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்ததை மகளோடு டிவியில் பார்த்தேன். 1963-ல் நம் விமானப்படைக்கு வந்த விமானம் அது. "இது நம்ம வீட்டிலேயே ஒன்று இருக்கு" என்று சொல்லிப் பரணில் ஏறினேன். 1998-ல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த 1/72 (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு) மிக்-21 கிட், பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அந்தக் காலத்தில் எனாமல் பெயிண்டும் பிரஷும்தான் என் ஆயுதம். இப்போது வீட்டில் வாடை வரக்கூடாது என்பதால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டும், சின்ன கம்ப்ரஸரோடு ஒரு ஏர்பிரஷும் வாங்கினேன். இறக்கைகளுக்குக் கீழ்ப்பக்கம் வெளிர் சாம்பல் அடித்தேன். மறுநாள் மாஸ்கிங் டேப் ஒட்டி மேல்பக்கம் அடித்துவிட்டு டேப்பை எடுத்தால், கீழே இருந்த சாம்பல் தோல் உரிவதுபோல் அப்படியே கூடவே வந்துவிட்டது. உரியாத இடத்தில் கையை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பெயிண்டும் அடிக்கடி நுனியில் அடைத்துக்கொண்டது.

இன்னொரு கவலை, டீக்கால் தாள் (மாடல்மேல் ஒட்டும் சின்னங்களும் எண்களும் அச்சிட்டது) முழுக்க மஞ்சளாகிவிட்டது. உடல் பகுதியை இன்னும் மூடி ஒட்டவில்லை. சித்தப்பா இப்போது இல்லை. இந்த ஒரு கிட்டைக் கெடுத்துவிடக்கூடாது என்று பயமாக இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

கோவை72

இறக்கையை ஓரமாக வையுங்கள் தம்பி, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சில கேள்விகள். பாகங்களை ஸ்ப்ரூவோடு (அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) கழுவினீர்களா? நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடித்தீர்களா? பெயிண்டை எதில் கரைத்தீர்கள்? டேப் என்ன டேப்? அடித்து எத்தனை மணி நேரம் கழித்து ஒட்டினீர்கள்?

தாம்பரத்தான்

நன்றி அக்கா. கழுவவில்லை, பிரைமரும் இல்லை. எனாமல் காலத்தில் இரண்டும் செய்ததே இல்லை, நன்றாகத்தான் பிடித்தது. கரைத்தது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில். மாடல் அக்ரிலிக்குக்கு அதுதான் என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பாரிமுனையில் ஒரு லிட்டர் வாங்கினேன். டேப், பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதாரண பழுப்பு டேப். சுமார் 18 மணி நேரம் விட்டேன்.

கோவை72

சரி, உங்கள் பிரச்சினை மூன்று அடுக்கு.

முதலாவது ஆல்கஹால். "அக்ரிலிக்" என்று ஒரே பெயரில் இரண்டு குணமுள்ள பெயிண்டுகள் விற்கின்றன. டாமியா கம்பெனியின் எக்ஸ் வரிசை ஆல்கஹாலோடு நன்றாகக் கலக்கும். உங்கள் வீடியோக்காரர் அதைத்தான் வைத்திருந்திருப்பார். சொட்டு மூடி பாட்டிலில் வருகிற வல்லேஹோ போன்றவை வேறு வகை. அவற்றில் ஆல்கஹால் ஊற்றினால் திரிந்த பால்போல் கட்டி கட்டியாகும். நுனி அடைப்பதும் சொரசொரப்பும் அதனால்தான் என்று நினைக்கிறேன். சந்தேகமிருந்தால் ஒரு மூடியில் இரண்டு சொட்டு பெயிண்டும் இரண்டு சொட்டு ஆல்கஹாலும் விட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். பெயிண்டைக் கரைக்க அந்தந்தக் கம்பெனியின் தின்னரையே வாங்குங்கள். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இரண்டாவது பிடிப்பு. எனாமலில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு உட்காரும். தண்ணீர் பெயிண்டுக்கு அந்தப் பல் கிடையாது, மேலே ஒரு படலமாகத்தான் படியும். அச்சிலிருந்து பாகத்தை எடுக்கத் தடவும் எண்ணெயும் உங்கள் விரல் எண்ணெயும் நடுவில் இருந்தால் படலத்துக்குப் பிடிமானமே இல்லை. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத்பிரஷ். கழுவிக் காயவிட்டு, பிரைமர், அதன்பிறகுதான் நிறம்.

மூன்றாவது டேப். கடை டேப்பின் பசை முரட்டுத்தனமானது. மாடலுக்கென்று வரும் மஞ்சள் டேப் வாங்குங்கள். அதையும் ஒட்டுமுன் உங்கள் புறங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்தால் வேகம் குறையும். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். தண்ணீர் பெயிண்ட் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே இறுக இரண்டு நாளாவது ஆகும். நம் ஊர் மழைக்காலத்தில் நான் மூன்று நாள் விடுவேன்.

மெல்லிதாக அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிக்-21-க்கு இறக்கை நுனிக்கு நுனி 7.15 மீட்டர். உங்கள் மாடலில் அது பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் தடித்தால், நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர் பூச்சு அப்பியதற்குச் சமம். தகடுகள் சேரும் பேனல் கோடெல்லாம் மூடிப்போகும்.

வாங்கிய ஆல்கஹால் வீணில்லை. இறக்கையை அதில் ஊறவைத்து டூத்பிரஷால் தேய்த்தால் பழைய பெயிண்ட் கழன்றுவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது.

ஜூரோங்வாசி

அக்கா சொன்னதில் எல்லாம் உடன்பாடு, பிரைமரில் மட்டும் அழுத்தமாக ஒன்று. தண்ணீர் பிரைமர் வேண்டாம், உப்புத்தாள் போட்டால் ரப்பர்போல் சுருண்டு வரும். மிஸ்டர் சர்ஃபேசர் 1000 போன்ற லாக்கர் (காட்டமான கரைப்பான் உள்ள) பிரைமர் ஒரு மெல்லிய கோட் போதும். பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும், மேலே எந்தப் பெயிண்டும் நிற்கும். நான் 15 வருடம் விட்டுத் திரும்பியபோது பிரைமரை மாற்றியதில்தான் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் வீட்டில் குழந்தை இருக்கிறது. லாக்கரை மூடிய அறையில் அடிக்கவே கூடாது. பால்கனி, காற்று வெளியே போகும் நேரம், கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். துணி மாஸ்க்கும் என்-95-ம் ஆவியைத் தடுக்காது. ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை ஏர்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மாடல்மேல் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும்.

கம்ப்ரஸர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் குப்பி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ஈரக் காற்றில் அது இல்லாமல் அடித்தால் நடுவில் தண்ணீர்த் துளி தெறிக்கும்.

மலைக்கோட்டை

டீக்காலுக்கு நான் வருகிறேன் சார். மஞ்சளை எடுக்க நம் ஊர் வெயிலே போதும். தாளை ஜிப் கவரில் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். நாலைந்து நாளில் வெளுக்க ஆரம்பிக்கும். என்னுடையதற்கு இரண்டு வாரம் ஆனது. தினம் ஒரு தடவை பாருங்கள், மழைச்சாரல் படக்கூடாது.

அப்புறம் தாளில் தேவைப்படாத ஒரு சின்ன எண் படத்தை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் மொத்தத் தாளுக்கும் மைக்ரோஸ்கேலின் திரவ டீக்கால் ஃபிலிம் ஒரு கோட் தடவிக் காயவையுங்கள். அதன்பின் தாள் முழுக்க ஒரே படலமாகிவிடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் விளிம்பை ஒட்டி வெட்டியே எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஒட்டுமுன் மாடல்மேல் பளபளப்பான கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடித்திருக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளிபோல் மின்னும்.

கோவை72

இன்னொரு யோசனை தம்பி. சித்தப்பா கொடுத்த கிட்டில் பழகாதீர்கள். விலை குறைந்த ஒரு சின்ன கிட் வாங்கி, மகளோடு சேர்ந்து தொடக்கம் முதல் கடைசி வரை முடியுங்கள். கை பழைய கைதான், பொருட்கள்தான் மாறிவிட்டன. அதுவரை மிக்கை ஒரு மாதம் காத்திருக்க விடுங்கள். இத்தனை வருடம் காத்திருந்ததுதானே.

தாம்பரத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூடியில் சோதித்தேன், அக்கா சொன்னபடியே திரிந்துவிட்டது. இறக்கைகளை ஊறவைத்துச் சுத்தமாக்கிவிட்டேன்.

மிக்கைத் தொடாமல் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் பழகினோம். ஒரு ஸ்பூன் கழுவாமல், ஒன்று கழுவி, ஒன்று கழுவி பிரைமர் போட்டு. மகள் பின்பக்கம் எண் எழுதி வைத்தாள். மூன்று நாள் கழித்து மூன்றிலும் மஞ்சள் டேப் ஒட்டி எடுத்தோம். முதலாவது முழுக்க உரிந்தது, இரண்டாவது விளிம்பில் மட்டும், மூன்றாவதில் ஒரு புள்ளிகூட வரவில்லை. அந்த ஸ்பூனைத் தூக்கிப் போட மனமில்லை, மேசையில் வைத்திருக்கிறேன்.

டீக்கால் ஜன்னலில் ஒன்பது நாளில் வெளுத்துவிட்டது, மலைக்கோட்டை சாருக்கு நன்றி. பரணிலிருந்த ஹம்ப்ரால் 11 வெள்ளி டின்னையும் திறந்தேன். கால்மணி நேரம் கலக்கியதும் பழைய வாசத்தோடு அப்படியே உயிர் வந்தது. அதை மகள் ஒட்டும் கிட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

இனி மிக்கின் உடல் பகுதியை மூடலாமா?

ஜூரோங்வாசி

நில்லுங்கள், மூக்கில் எடை வைத்தீர்களா? பெரும்பாலான மிக்-21 கிட்டுகள் எடை இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். மூடிவிட்டால் பிறகு வழியில்லை. எல்லாவற்றையும் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். மூக்கு இறங்கும்வரை தூண்டில் ஈயக்குண்டு சேர்த்து, அதன்மேல் இன்னும் ஒன்றிரண்டு போடுங்கள்.

அந்த ஈயத்தை வெள்ளைப் பசையில் ஒட்டாதீர்கள். பசையிலிருந்து வரும் அமிலத்தில் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்து உப்பும். என் மாடல் ஒன்றின் மூக்கு ஆறு வருடம் கழித்து இப்படித்தான் ஒட்டிய இணைப்பில் பிரிந்தது. எபாக்சி போடுங்கள், ஒரு இரவு விட்டு மூடுங்கள்.

தாம்பரத்தான்

இன்னும் வைக்கவில்லை, நல்லவேளை கேட்டேன். ஈயக்குண்டு வாங்க நாளைக்கே போகிறோம்.