போஷ் பயிற்சி 96 சதவீதத்துலயே நிக்குது, சர்டிஃபிகேட் வரல. உதவி ப்ளீஸ்

தாம்பரம்_லோக்கல்:
வருஷா வருஷம் வர்ற போஷ் பயிற்சிதான், வேலை இடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்குறது பத்தின ஆன்லைன் பாடம். நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்குள்ள முடிக்கணும்னு எச்ஆர்கிட்டேருந்து மெயில் மேல மெயில், இப்ப மேனேஜரையும் சிசியில போட்டாச்சு. மூணு தடவை முழுசா ஓட்டிட்டேன். கடைசி ஸ்லைடுல "வாழ்த்துகள்"னு பலூன் பறக்குது, க்விஸ்லயும் 10க்கு 9. டேஷ்போர்டுக்கு வந்தா 96%, "நிலுவையில்". குரோம், ஆபீஸ் லேப்டாப், விபிஎன். கேஷ் அழிச்சாச்சு. இன்னொரு 40 நிமிஷம் உக்கார சத்தியமா தெம்பில்ல.

பில்டர்காபி:
இன்காக்னிட்டோல பாருங்க. எனக்கும் இதே கதைதான்.

தாம்பரம்_லோக்கல்:
பார்த்தேன். அங்கயும் அதே 96.

எல்எம்எஸ்_கைதி:
அப்ப கணக்கு உங்க பிரவுசர்ல இல்ல, சர்வர்ல இருக்கு. கேஷை எத்தனை தடவை அழிச்சாலும் பிரயோஜனமில்ல. ரெண்டு கேள்வி. முடிஞ்சதும் மேல இருக்குற பெருக்கல் குறியை அடிச்சு மூடுறீங்களா, பாடத்துக்குள்ள இருக்குற "வெளியேறு" பட்டனையா? இடது பக்க மெனுவுல எல்லா ஸ்லைடுக்கும் டிக் விழுந்திருக்கா?

தாம்பரம்_லோக்கல்:
பெருக்கல் குறிதான். மெனுவை இப்பதான் கவனிக்கிறேன். மொத்தம் 25, "உள்ளகப் புகார் குழு"ங்கிற ஸ்லைடுல மட்டும் டிக் இல்ல. ஆனா அதைப் பார்த்தேனே!

எல்எம்எஸ்_கைதி:
25ல ஒண்ணு போனா 96. கணக்கு சரியா இருக்கே! அந்த ஸ்லைடுல க்ளிக் பண்ணித் திறக்குற பெட்டி இருக்கும். ஒண்ணு திறக்காம "அடுத்து" போனாலும் பார்த்ததா எண்ணாது. எல்லாத்தையும் திறங்க, டிக் விழுதான்னு பாருங்க, "வெளியேறு" அடிச்சு வெளிய வாங்க. ஸ்கார்ம் (ஆன்லைன் பாடங்களுக்கான பொது ஃபார்மேட்) பாடம் முடிஞ்சதுன்னு எல்எம்எஸ்கிட்ட, அதாவது பயிற்சிக் கணக்கை வெச்சிருக்குற சாஃப்ட்வேர்கிட்ட, பாடமேதான் சொல்லணும். பல பாடங்கள் அதை வெளியேறும்போதுதான் சொல்லும், விண்டோவைப் பட்டுனு மூடினா தகவல் போய்ச் சேராம போகலாம். நடுவுல டீ குடிக்கப் போய் லாகின் காலாவதி ஆனாலும் இதே கதி.

(டிக் விழுந்தும், எதுவரை பார்த்தீங்கங்கிறதைப் பாடம் மறந்துபோனா அட்மினைப் பிடிங்க. பழைய ஸ்கார்ம் 1.2ல நிலையைக் குறிச்சு வைக்க 4096 எழுத்துக்குத்தான் இடம். பெரிய பாடம்னா நிரம்பிடும்.)

ஐசி_அக்கா:
நான் எங்க ஆபீஸ் உள்ளகப் புகார் குழுவுல (ஐசி) உறுப்பினர். தம்பி, நீங்க தாண்டிப் போன ஸ்லைடுலதான் சரக்கே இருக்கு. 2013 சட்டப்படி, சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும். தகுந்த காரணம் இருந்தா குழு இன்னும் 3 மாசம் வரை நீட்டிக்கலாம். விசாரணையை முடிக்க 90 நாள், அது வேற கணக்கு. குழுத் தலைவர் பெண்ணா இருக்கணும், வெளியாள் ஒருத்தரும் கட்டாயம். அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு நான் சொல்லட்டுமா?

தாம்பரம்_லோக்கல்:
அக்கா, அதேதான். புகாருக்கு எத்தனை நாள், விசாரணைக்கு எத்தனை நாள்னு மாத்திப் போட்டேன். 🙏

திறக்காத பெட்டி "காலக்கெடு". திறந்தேன், டிக் விழுந்துச்சு, "வெளியேறு" அடிச்சேன். 100%. சர்டிஃபிகேட் பிடிஎஃப் வந்துடுச்சு, எச்ஆருக்கு அனுப்பியாச்சு.

பில்டர்காபி:
எனக்கு 92. ரெண்டு ஸ்லைடு தேடணும்.