60 வயதுக்கு மேல் கணவன் மனைவியாகப் பணித்தளம்: வேலூரிலிருந்து கும்லாவுக்கு என்னென்ன ஏற்பாடு?

சத்துவாச்சாரி வாத்தியார்

அனைவருக்கும் தோத்திரம். ஜார்க்கண்ட் கும்லா மாவட்டத்தில் இரண்டு வருஷ மிஷனரிப் பணிக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். ஜனவரியில் கிளம்பலாம் என்று யோசனை. எனக்கு 64, வீட்டம்மாவுக்கு 61. அவர் ஓய்வுபெற்ற நர்ஸ், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்குப் பிரஷர் மாத்திரை, மாநில அரசுப் பென்ஷன். தங்கப்போகும் கிராமத்தில் கரண்ட் பாதி நாள் இருக்காதாம். இன்சுலினை எப்படி வைப்பது, பென்ஷனுக்கு என்ன செய்வது, பூட்டிய வீட்டை யார் பார்ப்பது, இந்த வயதில் மொழி வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி அக்கா

ஐயா, முதலில் இன்சுலின். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்ததை வெயில் படாமல், வீட்டுச் சூடு 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான வகைகளை 28 நாள் வரை வெளியிலேயே வைக்கலாம். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

மார்ச் முதல் ஜூன் வரை, திறந்து புழங்கும் பாட்டிலுக்கு அங்கே பானை போதும். வாயகன்ற பெரிய மண்பானை ஒன்று, அதற்குள் சிறியது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மூன்று விரல் கனத்துக்கு ஆற்று மணல். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் ஊற்றி, வாயை ஈரத்துணியால் மூடுங்கள். பாட்டிலை டப்பாவில் போட்டு உள்பானையில் வையுங்கள், தண்ணீர் படக்கூடாது. பானை நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்க வேண்டும். கதவடைத்த அறையில் வைத்தால் ஈரம் காயாது, குளிர்ச்சியும் வராது. மழைக்காலத்தில் இதே பானை ஏமாற்றிவிடும். காற்றிலேயே ஈரம் இருப்பதால் மணல் அப்படியே நனைந்து கிடக்கும். திறக்காத இருப்பு பாட்டில்களை எந்த மாதமானாலும் பக்கத்து ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, புழங்குவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், டவலில் சுற்றுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கினாலும், பால் போன்ற வகை உருட்டியபிறகும் திட்டுத்திட்டாகக் கண்ணாடியில் ஒட்டினாலும் தூக்கிப்போடுங்கள்.

மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு, இரண்டு பையில் பிரித்து. நம்மூர் பிராண்ட் அங்கே கிடைக்காமல் போகலாம், அதனால் சீட்டில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதி வாங்குங்கள்.

காய்ச்சல் என்றால் அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள். ஜார்க்கண்டின் காட்டு மாவட்டங்களில் மூளையைத் தாக்கும் ஃபால்சிபாரம் வகை உண்டு. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பாராசிட்டமாலில் ஓட்டுவதுதான் வயதானவர்களுக்கு ஆபத்து. மருந்து தோய்த்த கொசுவலை இரண்டு கட்டாயம்.

ஆற்காடு ரோடு

ஜனவரி வேண்டாம் ஐயா. அந்த மேட்டுநிலத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போகும். வேலூர் வெயிலில் வாழ்ந்த உடம்பு, வந்த முதல் மாதமே அந்தக் குளிரைப் பட்டால் பிரஷர் ஏறும். பிப்ரவரி கடைசியில் போய், அடுத்த குளிருக்குள் ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆலப்புழா–தன்பாத் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் ஏறினால் இரண்டு இரவு, ராஞ்சியில் இறங்கலாம். அங்கிருந்து கும்லா சாலை வழிதான், 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் நோயாளிகளால் அந்த வண்டி எப்போதும் நிரம்பும், 60 நாள் முன்பு முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் போடுங்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தனி டிக்கெட், மூத்த குடிமக்கள் கோட்டாவில். மகனையும் சேர்த்து மூவராகப் போட்டால் அந்தக் கீழ்பெர்த் சலுகை கிடைக்காது. கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது.

பென்ஷன்: வருஷா வருஷம் உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்று தர வேண்டும், அதற்கு நவம்பர் என்பது மத்திய அரசுக்காரர்களுக்கு. உங்களுக்கு எந்த மாதம் என்று வேலூர் கருவூலத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாழ்நாள் சான்றுக்காக ஊர் திரும்ப வேண்டியதில்லை. போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப்பதிவுச் செயலியும் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தால் முடியும். இல்லையென்றால் தபால்காரர் வழியாக, 70 ரூபாய். பிபிஓ எண்ணில் (பென்ஷன் ஆணை எண்) ஒரு இலக்கம் தவறினாலும் சான்று உங்கள் கணக்கில் சேராது. எண்ணை அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வங்கிக் கணக்கு "இருவரில் எவரேனும்" முறையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வீடு: சாவி ஒருவரிடம் இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்தே விடுங்கள்.

பணித்தள நண்பர்

மொழி வரும் ஐயா, அதிலும் நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு. கும்லாவில் உராவ் பழங்குடி மக்கள் பேசும் குருக் மொழி திராவிடக் குடும்பம், நம் தமிழுக்கு உறவு. "நான்" என்பதற்கு ஏன் (நம் பழைய யான்தான்), "நீ"க்கு நீன், கண்ணுக்குக் ஃகன். மூன்று மூந்த், நான்கு நாஃக். ஐந்திலிருந்து எண்கள் இந்திப் பக்கம் போய்விடும். சந்தையில் சாத்ரி (அந்தப் பக்கத்துப் பொதுமொழி), ஆபீஸில் இந்தி. கிளம்புமுன் தேவநாகரி எழுத்தை மட்டும் சரளமாக்கிக்கொள்ளுங்கள், குருக் பாட்டுகளும் பெரும்பாலும் அதில்தான் அச்சாகின்றன.

நம் வேலூர்ப் பக்கத்து ஆற்காடு மிஷன் அமைந்தது 1853. ராஞ்சிக்கு ஜெர்மனியின் காஸ்னர் மிஷனரிகள் வந்தது 1845. அதாவது அங்குள்ள சபை நம்முடையதைவிட மூத்தது. முதல் ஆறு மாதம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். கணக்கு நோட்டு எழுதுவது, பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்வது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது, இவைதான் வாத்தியாரால் உடனே ஆகக்கூடியவை.

அம்மா நர்ஸ் என்பதால் முதல் வாரமே வாசலில் கூட்டம் நிற்கும். மருந்து கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, அந்த ஊர் சஹியா தீதியோடு (கிராமச் சுகாதாரப் பணியாளர்) சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஜார்க்கண்டில் 2017 மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, பொருள் கொடுத்து ஆசை காட்டுவதும் அதில் குற்றம். ஜெபக்கூட்டம் நடக்கும் நாளில், நடக்கும் இடத்தில், அரிசியோ போர்வையோ மருந்தோ கொடுக்கவே கூடாது. நல்ல மனதோடு செய்தாலும் அந்த ஊர்ச் சபைதான் சிக்கலில் மாட்டும்.

சத்துவாச்சாரி வாத்தியார்

மிக்க நன்றி. பிப்ரவரி கடைசிக்கு மாற்றிக்கொள்கிறோம். சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே?

காட்பாடி அக்கா

அரிசிக்குக் கவலையில்லை ஐயா. அங்கே உஸ்னா என்று கேளுங்கள், நம் புழுங்கலரிசிதான். உளுந்து தோலோடு கிடைக்கும். குளிரில் மாவு பொங்காது. உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போட்டு, அரைத்த பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்படியில் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். புளியும் பெருங்காயமும் மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள்.